வற்றிய ஏரியும் குரங்கு சாய்த்த முக்காலியும்

முதல் படத்தை அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். “நல்ல இடமாக இருக்கிறதே, பிக்னிக்கா போயிருந்தீர்கள்?” என்று கேட்டார். வறட்சியில் வற்றிப்போன அணை அது என்றேன். “எங்கே வற்றியிருக்கிறது? நிறையத் தண்ணீர் கிடக்கிறதே” என்று படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அரிசி கழுவிய தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றப் போய்விட்டார்.

அம்மா சொன்னது சரிதான். நேரில் பார்த்தபோது என் வயிற்றைப் பிசைந்த காட்சி, படத்தில் மெல்லிய பழுப்புக் கோடாகச் சுருங்கிக் கிடந்தது. அந்தக் கோட்டை அம்மாவின் கண்ணில் பட வைக்க எனக்கு ஏழு சனிக்கிழமைகள் பிடித்தன. இடையில் ஒரு ஃபில்டர் வளையம் நெளிந்தது. கேமரா முக்காலியின் ஒரு கால் இன்றுவரை கிறீச்சிடுகிறது. எது வீண், எது பயன்பட்டது என்பதை மறப்பதற்குள் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

இடம், பினாங்குத் தீவின் ஆயர் ஈத்தாம் அணை. கெக் லோக் சீ ஆலயத்துக்குப் பின்புறமாக வளைந்து வளைந்து ஏறும் செங்குத்தான சாலையில், கடல்மட்டத்திலிருந்து 200 மீட்டருக்கும் மேலே, காட்டுக்கு நடுவில் இருக்கிறது. 1962இல் கட்டி முடித்தது. காலையில் நடப்பவர்களும் ஓடுபவர்களும் வந்துகொண்டே இருப்பார்கள். ஆயர் ஈத்தாம் என்றால் மலாயில் கருப்புத் தண்ணீர். மழைக்காலத்தில் மரநிழல் விழுந்து பெயருக்கு ஏற்றபடிதான் இருக்கும். இந்த பிப்ரவரியில் கருப்பைச் சுற்றிச் சிவப்புக் கரை போட்ட சேலை மாதிரி ஆகிவிட்டது.

மலேசியாவில் கோடை என்று தனியாக எதுவும் கிடையாது என்பார்கள். பினாங்குக்காரர்களுக்கு உண்டு. டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை கிழக்குக் கரையின் கிளந்தானையும் திரங்கானுவையும் வெள்ளக்காடாக்கும்போது, நடுவில் நிற்கும் தித்திவங்சா மலைத்தொடர் அந்த மழையைத் தடுத்துவிடுகிறது. மேற்குக் கரையில் நமக்குக் கிடைப்பது வறண்ட காற்று. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறும்போது காலடியில் தார்ச்சாலை சுடுவது அதனால்தான். எல் நினோ ஆண்டு என்றால் வறட்சி இன்னும் நீளும். பினாங்கின் தண்ணீரில் ஏறக்குறைய 80 விழுக்காடு அண்டை மாநிலமான கெடாவின் எல்லையில் ஓடும் மூடா ஆற்றிலிருந்து வருகிறது. தீவின் அணைகள் பெரும்பாலும் இப்படிப்பட்ட நாள்களுக்கான சேமிப்புப் பானைகள்தாம். நீர்ப்பிடிப்பு மலைச்சரிவு சிறியது என்பதால், நான்கு வாரம் மழை இல்லையென்றாலே பானையில் அடி தெரியத் தொடங்கும்.

முதல் சனிக்கிழமை நான் செய்ததெல்லாம் பிழை. காலை பதினொரு மணிக்கு ஏறினேன். கூட என் அக்கா மகன், பதினாறு வயது. கேமராவில் 18-55 லென்ஸ். ‘பரந்த ஏரி, ஆகவே பரந்த கோணம்’ என்று 18இல் வைத்து, நின்ற உயரத்திலிருந்து எடுத்தேன். பரந்த கோணம் அருகில் உள்ளதைப் பெரிதாக்கும், தொலைவில் உள்ளதை இன்னும் தொலைவுக்குத் தள்ளும். அருகில் இருந்தது நடைபாதையின் ஓரம். தொலைவில் இருந்தது நான் காட்ட நினைத்த கரை. படத்தில் பாதி வெள்ளை வானம், கால்வாசி காடு, மீதி தண்ணீர். சிவப்புக் கரை, ரொட்டித் துண்டின் ஓரம்போல ஓர் இழை.

கரையிலேயே இறங்கி எடுத்தால் என்ன என்று மருமகன் கேட்டான். தண்ணீரருகே இறங்கக் கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள். குடிக்கிற தண்ணீர். தவிரவும், மேலே காய்ந்து வெடித்த சேறு கீழே எப்படி இருக்கும் என்பது கால் வைத்த பிறகுதான் தெரியும். ஆகவே ஏழு வாரமும் நடைபாதையை விட்டு இறங்குவதில்லை என்று முடிவு செய்தோம். இந்தக் கட்டுப்பாடுதான் பின்னால் படத்தைக் காப்பாற்றியது.

அன்று இரவு காகிதத்தில் கோடு போட்டுப் பார்த்தபோது இரண்டு விஷயங்கள் பிடிபட்டன.

முதலாவது, விழுக்காடு. அணையில் பாதித் தண்ணீர்தான் இருக்கிறது என்று செய்தியில் கேட்டால், நாம் மனத்தில் பாதி உயரத்தைக் கற்பனை செய்துகொள்கிறோம். மலை இடுக்கில் இருக்கும் அணை அப்படி வற்றாது. மேலே அகன்று கீழே குறுகும் புனல் அது. கூம்பு வடிவப் பாத்திரமாக எடுத்துக்கொண்டால், கொள்ளளவில் பாதி போனாலும் ஆழத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் இறங்கியிருக்கும். தேநீர்க் குவளையில் பாதி என்றால் பாதி தெரியும். புனலில் தெரியாது. அம்மாவின் கண் ஏமாறவில்லை. உயரம் உண்மையிலேயே அவ்வளவாக இறங்கவில்லை, கொள்ளளவுதான் போய்விட்டது.

இரண்டாவது, சரிவு. செங்குத்தான கரையில் ஒரு மீட்டர் நீர் இறங்கினால், ஒரு மீட்டரை ஒட்டிய பட்டைதான் வெளியே வரும். பத்துக்கு ஒன்று என்று சாய்ந்த மெல்லிய சரிவில் அதே ஒரு மீட்டர், பத்து மீட்டர் தரையைத் திறந்துவிடும். அணைக்கட்டின் பக்கம் நின்று எடுத்தால் வறட்சி தெரியாது. காட்டு ஓடைகள் ஏரிக்குள் நுழையும் வால்பகுதிகளில், வண்டல் படிந்து தரை மெல்லச் சாய்ந்திருக்கும் மூலைகளில்தான் அது தெரியும். நான் முதல் நாள் முழுக்கத் தவறான கரையைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

இரண்டாவது வாரம் ஏரியைச் சுற்றி நடந்தோம். அப்படிப்பட்ட மூலை ஒன்று கிடைத்தது. எதிர்க்கரையில் கருங்கல் பாறை ஒன்று, அதற்கு இடப்பக்கம் ஓர் அடிமரக் கட்டை, கட்டையின் வேர்கள் நண்டுக்கால் மாதிரி தரையைப் பற்றியிருந்தன. மழைக்காலத்தில் இரண்டும் தண்ணீருக்குள் இருக்கும். நடைபாதை சற்று மேடேறும் ஓரிடத்திலிருந்து பார்த்தால், பாறையும் கட்டையும் அவற்றைச் சுற்றிய செம்மண் பரப்பும் ஒரு தட்டில் வைத்ததுபோலத் தெரிந்தன. நாலைந்து அடி உயரம் கூடினாலே போதும், படுத்துக் கிடந்த கரை எழுந்து முகம் காட்டுகிறது. 18-55ஐக் கழற்றி, தொலைவில் உள்ளதை அருகே இழுக்கும் நீண்ட 70-300 லென்ஸைப் போட்டேன். 200இல் வைத்தபோது கரை படச் சட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை நிறைத்தது.

உற்றுப் பார்த்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது. செம்மண் பரப்பு சமமாக இல்லை. தண்ணீர் இறங்கும்போது ஒவ்வொரு மட்டத்திலும் சிலநாள் தங்கியிருக்கிறது. தங்கிய இடத்தில் சிற்றலை மண்ணை அரித்து ஒரு விரற்கடை, இரு விரற்கடைப் படி ஒன்றை வெட்டியிருக்கிறது. படிக்கு மேல் படியாக, காய்ந்த கஞ்சிச் சட்டியின் உட்புறம் மாதிரி. தீவின் மலைகள் கருங்கல் என்பதால், கல் மக்கிய செம்மண்ணில் வெள்ளைக் கற்பரல்கள் கலந்திருக்கும். அலை மண்ணைக் கொண்டுபோய்ப் பரல்களை வரிசையாக விட்டுவிட்டிருந்தது. வறட்சி தன் நாட்குறிப்பைத் தானே எழுதி வைத்திருந்தது. நான் எடுக்கவேண்டிய படம் இந்தப் படிகள்தாம்.

ஆனால் பகல் வெளிச்சத்தில் படிகள் தெரியவில்லை. நிழல் விழுந்தால்தான் தெரியும்.

இங்கே நம் கடிகாரத்தைப் பற்றிக் கொஞ்சம். 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டது. சூரியனை யாரும் கேட்கவில்லை. பினாங்கு நாட்டின் மேற்கு ஓரத்தில், ஏறத்தாழ 100.3 பாகைத் தீர்க்கரேகையில் இருக்கிறது. விளைவு, பிப்ரவரியில் சூரியன் உதிப்பது ஏழரை மணியை ஒட்டி. உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு இல்லை, ஒன்றரைக்கு. ‘காலை பத்து மணிக்குப் பிறகு படம் எடுக்காதே’ என்று வெளிநாட்டுக் கையேடுகள் சொல்வதை நான் அப்படியே நம்பியிருந்தேன். நமக்கு அதோடு ஒன்றரை மணி நேரம் கூட்டிக்கொள்ளலாம். அந்தி நேரமோ எதிர்மாறு. நிலநடுக்கோட்டுக்கு அருகே சூரியன் நேராக இறங்குவதால், மறைந்து இருபது நிமிடத்துக்கெல்லாம் இருட்டிவிடும். நீலவேளை, பொன்வேளை என்று நிதானமாக முக்காலியை மாற்றி மாற்றி வைக்க இங்கே நேரம் கிடையாது.

அந்த இரண்டாவது வாரமே, லென்ஸின் முகப்பில் மாட்டிச் சுழற்றும் போலரைசர் ஃபில்டரையும் போட்டுப் பார்த்தேன். தண்ணீரின் பளபளப்பை நீக்கும், பச்சையை ஆழமாக்கும் என்பதால் ஏரிப் படம் என்றதும் எல்லாரும் கையில் எடுப்பது அதைத்தான். அது வேலை செய்தது, அளவுக்கு மேலேயே. நீர்ப்பரப்பின் எதிரொளியை அது முழுமையாக வெட்டுவது, பரப்புக்கு ஏறக்குறைய 37 பாகைச் சாய்வில் பார்க்கும்போது. அருகில் உள்ள தண்ணீரை அப்படித்தான் பார்க்கிறோம், தொலைவில் உள்ளதைப் படுக்கையாகப் பார்க்கிறோம். ஆகவே பரந்த கோணத்தில் கீழ்ப்பாதி தண்ணீர் கிணறுபோல் கருத்துவிட்டது, மேற்பாதி தகரம்போல் பளபளத்தது. ஒரே ஏரி இரண்டு ஏரியானது. நீண்ட லென்ஸில் அந்தச் சிக்கல் இல்லை. வேறொன்று வந்தது. நீரோரத்து ஈரச்சேற்றின் மினுமினுப்பைப் போலரைசர் துடைத்தெடுத்தது. அந்த மினுமினுப்புதான் ‘நேற்று வரை இங்கே தண்ணீர் இருந்தது’ என்று சொல்கிற சாட்சி. அது போனால் ஈரமண்ணும் காய்ந்த மண்ணும் ஒன்றுதான். கடைசியில் வளையத்தைப் பாதி திருப்பிய நிலையில் நிறுத்தினேன். இலைகளின் வெண்பளபளப்பு குறைந்தது, சேறு ஈரமாகவே இருந்தது.

அதே நாள், அரைத்த மாவு இன்னும் மிச்சம் இருக்கிறது என்ற உற்சாகத்தில், தெலுக் பஹாங் அணைக்கும் போனோம். 1999இல் முடித்தது, ஆயர் ஈத்தாமைவிடப் பல மடங்கு பெரியது. டிராகன் படகுப் போட்டிகள் நடந்த நீர்ப்பரப்பு. போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று. முக்காலி, இரண்டு நொடி டைமர், அதிர்வுக் குறைப்பை அணைத்தல் என்று எல்லாம் முறைப்படி. வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு படமும் கூர்மையாக இல்லை. எதிர்க்கரை முழுக்க, தண்ணீருக்கடியில் கிடக்கும் காகிதம் மாதிரி நெளிந்தது. லென்ஸில் கோளாறோ என்று செங்கல் சுவரை எடுத்துச் சோதித்தேன், சுவர் கத்தி மாதிரி வந்தது. பிறகுதான் உறைத்தது, கானல். சுட்ட தரையிலிருந்து எழும் காற்றின் நெளிவு. நீண்ட லென்ஸ் கரையைப் பெரிதாக்கும்போது இடையில் இருக்கும் காற்றையும் சேர்த்துப் பெரிதாக்குகிறது. எந்த முக்காலியாலும் அதை நிறுத்த முடியாது. பஹாங் என்ற மலாய்ச் சொல்லுக்கே வெக்கை, அனல் என்றுதான் பொருள். ஊர்ப்பெயரை வாசித்திருந்தால் பெட்ரோல் மிச்சமாகியிருக்கும்.

ஆக மூன்றாவது வாரம் விடிந்ததும் ஆயர் ஈத்தாம். நிழலுக்கும் காலை வேண்டும், கானல் இல்லாமலிருக்கவும் காலை வேண்டும். சுற்றிலும் மேடும் மரமும் என்பதால், உதயத்துக்குப் பிறகும் நெடுநேரம் ஏரி நிழலிலேயே கிடந்தது. எட்டேமுக்காலுக்கு வெயில் முதலில் எதிர்க்கரை மரங்களின் தலையைத் தொட்டு, மெல்ல இறங்கி, பாறைக்கு வந்தது. பக்கவாட்டிலிருந்து படுக்கையாக வந்த அந்த வெயிலில் ஒவ்வொரு படிக்கும் ஒரு கருங்கோடு விழுந்தது. எண்ணிப் பார்த்தேன். பதினான்கு வரை தெளிவு, அதற்குக் கீழே குழம்பியது.

முக்காலியை நடைபாதை ஓரத்து மண்ணில் ஊன்றியிருந்தேன். காற்றுக்கு அசையாமலிருக்க நடுத்தண்டின் கொக்கியில் எடை தொங்கவிடச் சொல்வார்கள் இல்லையா? கையில் கிடைத்த சிவப்பு பிளாஸ்டிக் பையில் இரண்டு தண்ணீர்ப் புட்டிகளைப் போட்டு மாட்டினேன். அந்த மலையில் நீளவால் குரங்குகள் உண்டு என்பது எனக்குத் தெரியும். பிளாஸ்டிக் பை என்றால் அவற்றின் அகராதியில் உணவு என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் தெரியவில்லை. “மாமா, பின்னால்!” என்று மருமகன் கத்தியபோது பை ஏற்கெனவே குரங்கின் கையில் இருந்தது. பை கொக்கியில், கொக்கி முக்காலியில், முக்காலியின் தலையில் கேமரா. முழுவதும் ஒன்றாகச் சாய்ந்தது. குரங்கு பையைக் கிழித்து, வெறும் தண்ணீர் என்று கண்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனது.

கேமரா பிழைத்தது. லென்ஸின் முகப்பில் இருந்த போலரைசர் அடியை வாங்கிக்கொண்டது. வளையம் ஓரிடத்தில் உள்வாங்கி, லென்ஸோடு இறுகிவிட்டது. முக்காலியின் கால் ஒன்று பரல்மண்ணில் இழுபட்டதில், திருகுப் பூட்டுக்குள் மணல் புகுந்து திருகவும் வரவில்லை, மடங்கவும் வரவில்லை. சனிக்கிழமை அதோடு முடிந்தது. அடுத்த நான்கு இரவுகள் சமையல் மேசை பட்டறையானது.

ஃபில்டர் கழற்றுவதில் எல்லாரும் செய்யும் தவறு இறுக்கிப் பிடிப்பது. இரண்டு விரலால் அழுத்தினால் மெல்லிய வளையம் வட்டத்திலிருந்து முட்டையாகி, மரை இன்னும் கவ்விக்கொள்ளும். சுற்றிலும் சமமான அழுத்தம் வேண்டும். நான் முதலில் அகலமான ரப்பர் வளையத்தைச் சுற்றி ஐந்து விரல் நுனிகளால் திருகினேன், அசையவில்லை. பிறகு பழைய ரப்பர்ச் செருப்பு ஒன்றைக் கழுவிக் காயவைத்து, அதன் அடிப்பகுதியை மேசையில் மேல்நோக்கி வைத்து, லென்ஸைக் கவிழ்த்து ஃபில்டரின் விளிம்பு முழுவதும் ரப்பரில் படும்படி லேசாக அழுத்தித் திருகினேன். போலரைசரில் முன்வளையம் தனியாகச் சுழலும் என்பதால் அது மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. பின்வளையத்தைப் பிடிக்க சைக்கிள் ட்யூபை மெல்லிய நாடாவாக வெட்டி, இரண்டு சுற்று இறுக்கிச் சுற்றி, நுனியை இழுத்தபடி திருகியபோது ‘கிர்க்’ என்று இளகியது. இரண்டாவது இரவு, மணி பதினொன்று. குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் சுருங்கி விடும் என்று நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். நம் ஊர் ஈரக்காற்றில் குளிர்ந்த லென்ஸை வெளியே எடுத்தால் உள்ளே வியர்க்கும், பிறகு பூஞ்சை பிடிக்கும். அந்த யோசனையை மரியாதையோடு ஒதுக்கினேன்.

நெளிந்த வளையத்தை நிமிர்த்த அம்மாவின் சப்பாத்திக் கட்டையை இரவல் வாங்கினேன். வளையத்தின் உட்புறம் கட்டையின் வளைவில் படும்படி வைத்து, வெளியிலிருந்து மரத்துண்டால் மெல்ல மெல்லத் தட்டல். உலோகத்தால் தட்டினால் மரை நசுங்கிவிடும். முழு வட்டம் திரும்பவில்லை. மாட்டவும் கழற்றவும் முடிகிறது, சுழற்றும்போது ஓரிடத்தில் மட்டும் கல் கடித்தமாதிரி நிற்கிறது. எனக்குத் தேவையான பாதித் திருப்பம் அந்தக் கல்லுக்கு முன்னாலேயே வந்துவிடுவதால் புதிது வாங்கவில்லை.

முக்காலி எளிது, பொறுமைதான் தேவை. பூட்டு வளையத்தை முழுக்கத் திருகிக் கழற்றி, கீழ்க்குழாயை உருவினேன். குழாயின் மேல்முனையில் இரண்டு பிளாஸ்டிக் சிம்புகள் இருக்கும், தெறித்து ஓடிவிடும், கீழே துணி விரித்துக்கொள்ளுங்கள். எந்தச் சிம்பு எந்தப் பக்கம் என்று கைப்பேசியில் படம் எடுத்து வைத்தேன். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர், பழைய பல்துலக்கி, மரை மரையாகத் தேய்ப்பு. வந்த மணல் ஒரு தேக்கரண்டி இருக்கும். ஓர் இரவு முழுக்கக் காயவிட்டு, மரையில் மட்டும் சிலிக்கோன் கிரீஸை மெழுகினாற்போல் தடவினேன். சிம்புகளில் தடவினால் கால் வழுக்கும். கதவுக் கீலுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரே வேண்டவே வேண்டாம், அடுத்த மணலை அதுவே அழைத்து வரும். மற்ற இரண்டு காலும் பட்டுப்போல் ஆயின. அடிபட்ட காலின் குழாயில் நீளக் கீறல் விழுந்திருந்ததால், இழுக்கும்போதெல்லாம் கிறீச்.

அன்றிலிருந்து மூன்று பழக்கங்கள். எடைக்குத் தொங்கவிடுவது கேமராப் பை மட்டும், அதுவும் ஜிப் மூடி, அடி தரையைத் தொட்டும் தொடாமலும். அந்தரத்தில் ஊசலாடும் எடை, எடை இல்லாததைவிட மோசம். மண்ணில் ஊன்றும்போது மெலிந்த அடிக்குழாயை முதலில் நீட்டுகிறேன், பூட்டு தரைக்கு மேலே இருக்கும். காலுக்கு அடியில் ஆளுக்கொரு சிரட்டை. தேங்காய் துருவிய சிரட்டையைக் கவிழ்த்து அதன் கண்ணில் கால் நுனியை வைத்தால், இளகிய மண்ணில் அமிழ்வதில்லை. காசு கொடுத்து விற்கும் அகலப் பாதங்கள் செய்வதும் இதைத்தான்.

நான்காவது வாரம் எடுத்ததை இரண்டாவது வாரப் படத்தின் பக்கத்தில் வைத்தேன். தண்ணீர் இறங்கியிருந்தது. ஆனால் மண் ஒன்றில் செங்கல் நிறம், மற்றதில் மைலோ நிறம். வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைத் திருத்தும் ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியில் விட்டதன் பலன். சட்டத்தில் சிவப்பு மிகுந்ததும் கேமரா அதை ‘விளக்கு வெளிச்சம்’ என்று எண்ணித் திருத்திவிடுகிறது. எந்தச் சிவப்பைக் காட்ட இத்தனை பாடுபடுகிறேனோ அதையே வெளுத்துவிடுகிறது. பகல் வெளிச்சம் என்ற அமைப்பில் பூட்டிவிட்டேன். லென்ஸ் துளை எஃப் 8, ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 100, கேமரா திருத்தாத ரா கோப்பு. கருங்காடும் வெயில்பட்ட மண்ணும் ஒரே சட்டத்தில் இருந்ததால், மண்ணின் வெளிச்சம் வெந்து போகாத அளவுக்கு ஒளியைக் குறைத்து வைத்து, காட்டைப் பிறகு கணினியில் கொஞ்சம் தூக்கினேன். நிறையத் தூக்கினால் காடு பிளாஸ்டிக் ஆகிவிடும்.

நிற்கும் இடத்தையும் பூட்ட வேண்டியிருந்தது. வாரா வாரம் ஒரே இடம் என்று நினைத்துக்கொண்டு இரண்டடி தள்ளித்தான் நின்றிருக்கிறேன். அருகில் உள்ள ஒரு பொருளையும் தொலைவில் உள்ள ஒன்றையும் நேர்கோட்டில் கொண்டுவந்தால் இடம் தானாகக் கிடைக்கும். அடிமரக் கட்டையின் வலது வேர், பின்னால் வெள்ளைப் பட்டை மரத்தின் அடியைத் தொட வேண்டும். பாறையின் உச்சி மேலே காய்ந்த கொடியின் கீழ்நுனிக்கு நேராக வர வேண்டும். இந்த இரண்டு பொருத்தமும் ஒன்றாகக் கூடும் இடம் உலகத்தில் ஒன்றுதான். வீட்டில் அச்சிட்ட பழைய படத்தைக் கையில் வைத்துக்கொண்டு மருமகன் “கொஞ்சம் இடது, மாமா, இன்னும் ஒரு சாண்” என்று சொல்லச் சொல்ல நகர்த்தினேன்.

ஐந்தாவது வாரம் முழுக்க மங்கல். எதிர்க்கரை பால்கண்ணாடிக்குப் பின்னால் போல் இருந்தது. ஒரு படமும் எடுக்காமல் இறங்கி, ஆயர் ஈத்தாம் சந்தைப் பக்கம் தே தாரிக் குடித்துவிட்டு வீடு வந்தோம்.

ஆறாவது வாரம் படிகள் இருபதைத் தாண்டியிருந்தன. வெளிச்சம் கிடைத்தது, கூர்மை கிடைத்தது, நிறம் கிடைத்தது. ஆனாலும் ஏதோ குறைந்தது. பாறை எவ்வளவு பெரியது என்று படத்தைப் பார்ப்பவருக்குத் தெரியாது. முழங்கால் உயரமாகவும் இருக்கலாம், வீட்டுயரமாகவும் இருக்கலாம். அளவுக்கு ஓர் ஆள் நின்றால் போதும், ஆனால் இறங்கக் கூடாது. இதைப் பேசிக்கொண்டு நின்றபோதுதான், எதிர்க்கரைக் காட்டிலிருந்து குரங்குக் கூட்டம் ஒன்று வெளியே வந்தது. பெரியது ஒன்று முன்னால், குட்டியைச் சுமந்தது ஒன்று, பின்னால் ஏழெட்டு. கடந்த மாதம் மரத்திலிருந்து கையை நீட்டியே குடித்திருக்கும். இப்போது செம்மண்ணில் படி படியாக இறங்கி நடந்தன. பாறையைக் கடக்கும்போது அவற்றின் தலை பாறையில் பாதிக்குக்கூட எட்டவில்லை. படுக்கை வெயிலில் ஒவ்வொன்றின் நிழலும் அதைவிட நீளமாக விழுந்தது. நீரோரம் போய்ச் சேர அவற்றுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. முப்பத்தொரு படம் எடுத்தேன். பன்னிரண்டாவதுதான் அது. கூட்டத்தின் தலை தண்ணீரைத் தொட்டிருக்கிறது, வால் இன்னும் காட்டோரத்தில் இருக்கிறது, இடையில் முழுக்கச் செம்மண்.

ஏழாவது சனிக்கிழமைக்கு முந்திய இரண்டு மாலைகளிலும் நல்ல மழை. மேலே போனபோது படிகளின் விளிம்பு கரைந்து, ஓடை வாயில் புதுச்சேறு விசிறிபோல் படிந்திருந்தது. தண்ணீர் கட்டையின் வேர் வரை ஏறியிருந்தது. பொருத்தம் பார்க்க வேர் தெரியவில்லை. பாறை உச்சியையும் கொடியையும் வைத்து ஓரளவு இடம் பிடித்து, ஒரே ஒரு படம் எடுத்தேன். அச்சுப் படங்களின் பின்புறம் தேதி, 200, எஃப் 8 என்று பென்சிலில் எழுதி உறையில் போட்டு வைத்திருக்கிறேன், அடுத்த வறட்சிக்குத் தேவைப்படும்.

பன்னிரண்டாவது படத்தை அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியை இறக்கி, தள்ளிப் பிடித்து, விரலால் காட்டோரத்திலிருந்து தண்ணீர் வரை மெல்ல இழுத்துக்கொண்டு போனார். “இவ்வளவு தூரமா நடக்கவேண்டியிருக்கிறது?” என்றார். பிறகு பெரிய குரங்கின் மேல் விரலை வைத்து, “இதுதான் உன் பையைப் பிடுங்கியதா?” என்று கேட்டார்.